திருந்த வேண்டியிராத ஒரு மாதம்

தந்தியில் முதலில் புறப்பட்ட ஊரும் பெறுபவர் விலாசமும் வரும், சேதி அப்புறம்தான். போன புதன்கிழமை காலை ஓசூர் தபாலாபீசில் கருவியின் தட்டலைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தேன். பெறுபவர், பேரிகை கிராமத்தில் இருக்கும் நஞ்சப்பா அவர்களின் மனைவி என்று தெரிந்ததுமே கை நின்றுவிட்டது. நஞ்சப்பா அவர்கள் ஆறு மாதமாகக் காசநோய் ஆஸ்பத்திரியில் இருந்தார். மிச்சத்தையும் நானேதான் எழுத வேண்டியிருந்தது. எழுதி, உறையில் போட்டு ஒட்டித் தந்திச் சேவகரிடம் கொடுத்தேன்.

ஐந்து வருடம் அவர் எனக்குப் பக்கத்து நாற்காலி. பார்சல் கவுண்டர் அவருடையது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ். அவரை அறியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும்: ஓயாமல் தன்னைத் திருத்திக்கொண்டே இருந்தவர். மன வலிமை, ஞாபக சக்தி, மூச்சுப் பயிற்சி, அதிகாலையில் எழும் முறை என்று சென்னையிலிருந்து, வாங்கும்போது பணம் கட்டும் வி.பி.பி.யில் புத்தகம் வந்தபடி இருக்கும். சிவப்புப் பென்சிலால் அடிக்கோடு போடுவார். ஓரத்தில் "பாடம்" என்று தொடங்கி ஒரு வரி எழுதுவார்.

"நேத்து இருந்த ஆளு இன்னிக்கு இருக்கக் கூடாது சார்" என்பார்.

"நேத்து இருந்தவரு நல்லாத்தானே இருந்தாரு" என்பேன். சிரிக்க மாட்டார்.

ஒருமுறை மன வலிமைப் புத்தகத்துக்குப் பதிலாகத் தவறுதலாக ஒரு நாவல் வந்துவிட்டது. ஜமீன் வீட்டுச் சமையல்காரன், காணாமற்போன வாரிசாக நடிக்கும் வேடிக்கைக் கதை. திருப்பி அனுப்பப் போனவரை நான்தான் தடுத்தேன்.

"ஒரு வாரம் உங்களுக்கு நீங்களே லீவு குடுங்க சார். திருந்தறதை அப்புறம் பாத்துக்கலாம்."

படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். பதினோராம் பக்க ஓரத்தில், "பாடம்: முன்பின் அறியாதவரை வீட்டில் சேர்க்கலாகாது." இருபதில், "பாடம்: கோபம் ஆகாது." நாற்பதுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை, ஒரு குழம்புக் கறைதான் இருந்தது.

பிறகு என்னிடமிருந்த நாலைந்து கதைகளையும் வாங்கிப் போனார். ஆபீஸ் வேலையாகக் கிருஷ்ணகிரிக்குப் போன ஒரு நாள், சானமாவுக் காட்டோரம் பஸ் சூடேறி நின்றது. நாங்கள் இறங்கி டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தோம். இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பியபோது, அதற்குள்ளாகவா என்பதுபோல் பார்த்தார்.

"இதுல நான் கத்துக்க ஒண்ணுமே இல்ல சார். சும்மா படிச்சிகினு இருக்கேன். இப்படி நான் இருந்ததே இல்ல" என்றார்.

அந்த மாதம் அவர் சந்தோஷமாக இருந்தார். பார்த்தவன் நான், சொல்கிறேன்.

அடுத்து இருமல் வந்தது. ஒரு நாள் கைக்குட்டையில் ரத்தம். காசநோய் என்று டாக்டர் சொன்ன மறுநாள், கதைப் புத்தகங்களையெல்லாம் காகிதம் சுற்றிக் கட்டி என் மேசையில் வைத்தார்.

"மூச்சுப் பயிற்சிய விட்டேன். விடியறதுக்கு முன்ன எழுந்துக்கல. ஒரு மாசம் சோம்பலா இருந்தேன் பாருங்க, அதான் புடிச்சிக்கிச்சு."

"இது கிருமி சார். அதே கதைங்கள நானும்தான் படிச்சேன். எனக்கு ஏன் வரல?"

"உங்களுக்கு மன வலிமை இருக்குது சார்."

அவர் கையில் நாவலைத் திணித்தது நான். அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல மாதத்தை அவர் குற்றமாக எண்ணிக்கொண்டபோது, அந்தப் புத்தகக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டவனும் நான்.

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அசையாமல் படுத்திருப்பதே பாதி மருந்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இவரோ நர்ஸ் இல்லாத நேரம் பார்த்து எழுந்து உட்கார்ந்து மூச்சை அடக்கிப் பழகுவாராம். பக்கத்துக் கட்டில்காரர் என்னிடம் முறையிட்டார். சமையல்காரன் கதையைத் தலைமாட்டில் வைத்தேன்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல சார். சும்மா இருங்க. இதைப் படிச்சி சிரிச்சிகினு கிடங்க."

மிகக் கவனமாகக் கேட்டார். தலையணைக்கடியிலிருந்து நோட்டை எடுத்து, "பாடம்: சும்மா இருக்கப் பழக வேண்டும்" என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன்.

இறப்பதற்குப் பத்து நாள் முன்னால் அவரிடமிருந்து கார்டு வந்தது. "டாக்டர் சொற்படி படுத்தே இருக்கிறேன். சரியாகப் படுத்திருக்கிறேனா என்றுதான் தெரியவில்லை. நன்றாக ஓய்வெடுக்கும் முறை பற்றிப் புத்தகம் ஏதேனும் வந்தால் தெரிவிக்கவும். நாவலை இன்னும் பிரிக்கவில்லை. தேறியதும் படிப்பேன்."

என்ன எழுதுவதென்று புரியாமல் இன்று, நாளை என்று தள்ளிப்போட்டேன். தபாலாபீசிலேயே உட்கார்ந்திருக்கிறவன், ஒரு கார்டு எழுதவில்லை. தந்தி வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேரிகைக்குப் போனேன். அவர் மனைவி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் திடமா இருந்திருந்தா பொழைச்சிருப்பாருங்களாண்ணா? நாந்தான் தப்பு பண்ணிட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு."

இல்லையம்மா, இல்லவே இல்லை என்றேன். தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

நஞ்சப்பா சார், நான் எழுதாமல் விட்ட பதில் இதுதான். நீங்கள் கேட்ட புத்தகம் எங்கும் இல்லை. இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன். நீங்கள் சரியாகத்தான் படுத்திருந்தீர்கள். போய் வாருங்கள். கதை படித்ததால் உங்களுக்கு ஒன்றும் வரவில்லை சார். ஒன்றும் வரவில்லை.