வெறுங்கையோடு வரும் டில்மன்

சாப்பாட்டுக் கடையின் கதவைத் தோளால் தள்ளித் திறந்ததும் வெர்னன் டில்மன் உள்ளே காலை வைப்பதில்லை. வாசலிலேயே நின்று இரண்டு கைகளையும் விரித்து உயர்த்திக் காட்டுகிறார். காகிதம் எதுவும் இல்லை. மேசைகளில் அந்தரத்தில் நின்ற கரண்டிகள் மறுபடி வாய்க்குப் போகின்றன. அதற்குப் பிறகுதான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்து மூன்றாவது முக்காலியில் உட்காருவார். கடைக்காரி ஓலீட்டா கேட்காமலே இரண்டு முட்டையும் சோளக்கூழும் கறுப்புக் காபியும் கொண்டுவந்து வைப்பார்.

"இன்னிக்கு யார் குடியைக் கெடுத்துட்டு வர்றே?" என்பார் முடிதிருத்தும் பர்விஸ்.

"யாரும் இல்லப்பா. ஊரே சௌக்கியம். எனக்குப் பசி."

பெல்ஹேவன் ஊரில் டில்மனைத் தெரியாதவர் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப்பேர் அவர் வண்டியைப் பார்த்தால் திரைச்சீலையை இழுத்து விடுவார்கள். மாவட்டக் காவல் தலைவரான ஷெரிப்பின் அலுவலகத்தில் டெபுடி அவர். இடுப்பில் துப்பாக்கி உண்டு, இருபத்தெட்டு வருஷத்தில் அதனால் ஒரு பாம்பைச் சுட்டதோடு சரி. அவருடைய ஆயுதம் காகிதம். விவாகரத்து, ஜப்தி, வீட்டைக் காலி செய் என்று கோர்ட்டிலிருந்து எது வந்தாலும் உரியவர் கையில் நேராகச் சேர்ப்பது அவர் வேலை. ஒவ்வொன்றுக்கும் வழக்குப் போட்டவர் ஐம்பது டாலர் கட்ட வேண்டும். அதில் ஒரு சிறு பங்கு டெபுடிகளின் பென்ஷன் நிதிக்குப் போகிறது. போன கோடையில் அந்தப் பங்கை உயர்த்தினார்கள். அலுவலகத்தில் எல்லாரும் ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். டில்மன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தார்.

அவர் காகிதம் கொடுக்கும் விதமே தனி. வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிடுவார். முதலில் நாயோடு பேச்சு, அதற்காகச் சட்டைப்பையில் எப்போதும் நாலு பிஸ்கட். முற்றத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தால் திரும்பிப்போய் ஒரு மணி நேரம் கழித்து வருவார். எழுத்து வெளியே தெரியாதபடி காகிதத்தை நாலாக மடித்திருப்பார், அண்டை வீட்டுக் கண்களுக்கு அவ்வளவு கூர்மை.

"அம்மா, இது உங்க பேருக்கு வந்திருக்கு. எல்லாத்தையும் இப்பவே படிக்கணும்னு இல்ல. தேதியை மட்டும் பார்த்துக்குங்க."

சிலர் அழுவார்கள். சிலர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். தொப்பியை மார்போடு பிடித்தபடி நின்று கேட்டுக்கொள்வார். "திட்டி முடிச்சாத்தான் தேதி காதுல ஏறும்" என்பார்.

ஜனவரியில் அவருக்கு ஓய்வு. உளுத்துப்போன வாசற்படியைப் பென்ஷன் பணத்தில் புதிதாகக் கட்ட வேண்டும் என்று மனைவி மார்லின் மர வியாபாரியிடம் விலை கேட்டு வைத்திருக்கிறார். கடலைக் காடு வைத்திருக்கும் ஹாய்ட் அதைக் கேள்விப்பட்டதும் கடையே அதிரச் சிரித்தார். "என் பொண்டாட்டி என்னை விட்டுப் போனதுல ஒரு பலகையாவது வந்திருக்கும்ல? அது எதுன்னு காட்டுடா, அதுல உட்கார்ந்துதான் நான் பீர் குடிப்பேன்!" டில்மனும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு அவருக்கு இறங்கவில்லை.

"ஊர்ல எத்தனை வீடு உடைஞ்சுதோ, அத்தனைலயும் எனக்கு ஒரு வாய்ச் சோறு இருக்கு மார்லின்."

"நீயா போய் உடைச்சே? பேசாம சாப்பிடு."

டில்மனின் கவலை வேறு. ஜனவரிக்குப் பிறகு பேட்ஜ் இருக்காது, ஊர் இருக்கும். இதே மனிதர்களுக்கு நடுவில்தான் மீதி நாளைக் கழிக்க வேண்டும். அவர் போய் உட்கார்ந்தால் யாரும் நகர்ந்து உட்காராத இடம் பெல்ஹேவனில் அந்த மூன்றாவது முக்காலி ஒன்றுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கடை திறந்த அன்றைக்கே, ஓலீட்டாவிடம் வாக்குக் கொடுத்திருந்தார். "இந்த வாசலைத் தாண்டி ஒரு காகிதமும் வராது." கை விரித்துக் காட்டுவது அன்று தொடங்கிய பழக்கம்.

நவம்பர் இரண்டாம் வாரத் திங்கட்கிழமை டில்மன் கடைக்குள் வரவில்லை. எதிர்ச்சாரியில் வண்டியை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுவிட்டுப் போனார். செவ்வாயும் அப்படியே.

கடைக்குள் எல்லாரும் கணக்குப் போட்டார்கள். அவர் கையில் காகிதம் இருக்கிறது, அது இங்கே இருக்கும் யாருக்கோ! பர்விஸுக்குத் தன் தம்பியோடு இருந்த நிலத் தகராறு ஞாபகம் வந்தது. ஹாய்ட் சமையலறை வழியாகப் பின்பக்கம் நழுவினார், குப்பைத் தொட்டியில் முட்டி இடித்ததுதான் மிச்சம். வியாழக்கிழமை பாதி முக்காலிகள் காலி.

காகிதம் டில்மனின் பக்கத்து இருக்கையில் நாலாக மடிந்து கிடந்தது. அதில் ஓலீட்டா பிரூயிட் என்று பெயர். கட்டடத்தின் கிழட்டுச் சொந்தக்காரர் வசந்தத்தில் இறந்துபோனார். அவரும் ஓலீட்டாவும் கை குலுக்கிப் பேசிக்கொண்டதுதான் ஒப்பந்தம், எழுத்தில் ஒன்றும் இல்லை. நகரத்திலிருக்கும் மகன்கள் இப்போது கடையைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டிருந்தார்கள். ஓலீட்டாவின் வீடு கடைக்கு மேலேயே இருக்கிறது, இரண்டுக்கும் தெருவாசல் ஒன்று. அவர் தெருவில் இறங்கட்டும் என்று டில்மன் நாலு நாளாகக் காத்திருக்கிறார். அடுப்பை விட்டு அவர் எங்கே இறங்கப்போகிறார்!

"முடியலேன்னா சொல்லு, வேற ஆளை அனுப்பறேன்" என்றார் ஷெரிப். கெடு வெள்ளிக்கிழமை.

"வேண்டாம். நானே கொடுக்கறேன்."

வேறு ஆள் போனால் கடை நடுவில் நின்று பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவான். கொடுக்காமல் திருப்பி அனுப்பினால் மகன்கள் மறுபடி கட்டணம் கட்டுவார்கள், மறுபடி ஒரு பங்கு பென்ஷனுக்குப் போகும், வக்கீல் தேட ஓலீட்டாவுக்கு இருக்கும் நாள்தான் குறையும். கொடுத்தாலோ அந்த முக்காலி போய்விடும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை தூறல். கடையில் ஹாய்ட் பொறுமை இழந்தார். "யார் பேர்ல இருக்குன்னு யாராவது போய்க் கேளுங்கப்பா. மத்தவங்களாவது நிம்மதியா சாப்பிடலாம்."

ஓலீட்டா கண்ணாடி வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கள்ல ஒருத்தருக்குன்னா உங்க வீட்டுக்கே வந்து கொடுத்திருப்பானே" என்றார் மெதுவாக. அவரே தட்டில் இரண்டு முட்டையும் சோளக்கூழும் எடுத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடிக்கொண்டு, தெருவைக் கடந்தார்.

டில்மன் காகிதத்தோடு இறங்கித் தொப்பியைக் கழற்றினார். ஓலீட்டா தட்டை வண்டியின் முகப்பில் வைத்தார்.

"எத்தனை நாளா வச்சிருக்கே?"

"திங்கள்லேருந்து."

"அதான் காய்ஞ்ச ரொட்டியா? பைத்தியக்காரா." தட்டை அவர் பக்கம் தள்ளினார். "இதுல உன் பென்ஷனுக்கு எவ்வளவு போகும்?"

"ரெண்டு மூணு டாலர் இருக்கும்."

"ரெண்டு காபி குடிக்கலாம். கடை இருந்தா."

டில்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை. "டிசம்பர் நாலாம் தேதி ஓலீட்டா. வக்கீல் பார்க்க நாள் இருக்கு. தேதியை மட்டும்..."

"தெரியும்ப்பா. தேதியை மட்டும் பார்த்துக்கறேன்."

காகிதம் டில்மனின் கையிலேயே நின்றது, நீளவில்லை. எதிரே கடைக் கண்ணாடி முழுக்க முகங்கள். ஓலீட்டா ஈரக் கைகளை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு, தினமும் காலையில் தன் வாசலில் டில்மன் செய்வதைப் போலவே, இரண்டு வெறுங்கைகளையும் அவர் முன்னால் விரித்து நீட்டினார்.