வேதவல்லி இறக்கிய முடி

நடிகை வேதவல்லி அம்மாள் சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குத் திருத்தணியில், தம் தம்பி வீட்டில் காலமானார். இதை உறுதிப்படுத்தியவர் தம்பி முனிரத்தினம். அவர் கொடுத்த தந்தி அன்று பிற்பகல் மூன்று மணிக்கு என் கைக்கு வந்தது.

அதற்கு முந்தின இரண்டு நாளும் சென்னையில் வேறு பேச்சு உலவியது. வேதவல்லி ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில், கேட்பாரின்றிக் கிடப்பதாகச் சொன்னார்கள். சொன்னவர் யாரும் பார்த்தவர் இல்லை. நானும் மூன்று ஆஸ்பத்திரிகளில் விசாரித்துவிட்டு, நான்காவதற்குப் போக இருந்தபோதுதான் தந்தி வந்தது. மறுநாள் திருத்தணிக்குப் போய்க் கேட்டதில் தெரிந்தது இது: காலையில் காப்பி கேட்டிருக்கிறார். குடித்துவிட்டு, தம்பி மனைவியிடம், "சக்கர கம்மி, ஆனா பரவால்ல" என்றிருக்கிறார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் பிறகு எழவில்லை. ஒரு சாவுச் செய்தி மனத்துக்கு நிம்மதி தந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஆர்.கே.பேட்டையில் நெசவு செய்த குடும்பத்துப் பெண். சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நான் முதலில் அவரைப் பார்த்தபோது அவருக்கு ராஜா வேஷம். வழக்கமாகப் போடுபவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். போர்க்களக் காட்சியில் ஒட்டு மீசையின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. கொட்டகை சிரிக்க ஆரம்பித்தது. வேதவல்லி மறுபக்கத்தையும் தாமே பிய்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, எதிரி ராஜாவிடம், "உன்னை வெல்ல மீசை எதற்கு?" என்றார். அது பாடத்தில் இல்லாத வசனம். மறுநாள் முதல் பாடத்தில் சேர்ந்துவிட்டது.

உங்களில் பலர் அவரை ரேடியோக் குரலாகத்தான் அறிந்திருப்பீர்கள். ஒரே நாடகத்தில் தாயாகவும் ஏழு வயது மகனாகவும் பேசுவார். தாய் மகனை அடிக்கும் காட்சி ஒன்று வந்த மறுவாரம், அரக்கோணத்திலிருந்து ஒரு பெண்மணி, குழந்தையை இப்படி அடிக்கலாமா என்று கோபித்து எழுதியிருந்தார். வேதவல்லி கார்டில் பதில் போட்டார்: "அடித்தவளும் நானே, அழுதவனும் நானே. இருவரும் இப்போது சமாதானம்."

சினிமாக்காரர்களுக்குத் தெரியாமல் அவர் வைத்திருந்த ஒரு விஷயத்தை இப்போது சொல்லலாம். அதற்கு அவருடைய அனுமதி இருக்கிறது.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை காலியானபோது அவரும் திருத்தணிக்கு வந்துவிட்டார். அப்போதுதான் ஒரு படத்தில் முதன்முதலாகக் கதாநாயகி வேஷம் கிடைத்துப் பாதிப் படம் எடுத்திருந்தார்கள். முழங்காலைத் தொடும் அவருடைய கூந்தலுக்காகவே அந்த வேஷம் கிடைத்தது என்று ஸ்டூடியோவில் சொல்வார்கள். படம் முடியும்வரை முடியில் கத்திரி படக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியே இருந்தது. முனிரத்தினம் அப்போது ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் வேலை. ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. அக்காள் மலையேறி முருகனிடம், தம்பி உயிரோடு வந்தால் முழு முடியும் இறக்குகிறேன் என்று வேண்டிக்கொண்டார்.

தம்பி வந்தார். காட்டு வழியாக நடந்தும், கிடைத்த ரயிலில் ஏறியும் அரக்கோணம் வந்து இறங்கியவரை, தகவல் கேட்டு அங்கே போயிருந்த அக்காளுக்கு அடையாளம் தெரியவில்லை. பிச்சைக்காரர் என்று நினைத்து ஒதுங்கியிருக்கிறார்.

"இன்னாக்கா, வழி வுட்டுக்கினு நிக்கற? நான்தான்."

"குரல வச்சிதான்டா நைனா கண்டுபுடிச்சேன்" என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை என்று தம்பி சொன்னார்.

முடி இறக்க வேண்டும். ஆனால் படம் நின்றிருந்தது. கச்சா பிலிமுக்குக் கட்டுப்பாடு வந்து, எப்போது மறுபடி தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. படம் முடிந்ததும் இறக்கிக்கொள்ளலாம் என்று சில மாதம் காத்திருந்தார். அதற்குள் தம்பிக்கு, காட்டு வழியில் பிடித்திருந்த மலேரியாக் காய்ச்சல் திரும்பியது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். வேண்டுதல் பாக்கி இருப்பதால்தான் என்று அக்கம்பக்கத்தார் பேசத் தொடங்கினார்கள். பழைய நாடகக் கம்பெனி மானேஜர் வந்து, மூன்று கொத்து மட்டும் வெட்டிப் பூமுடி கொடுத்துவிடலாம், பெண்களுக்கு அதுவே வழக்கம் என்று யோசனை சொன்னார்.

"பூமுடின்னு வேண்டியிருந்தா பூமுடி குடுப்பேன். நான் முழுசுன்னு சொல்லிட்டேனே."

"படம் போச்சின்னா உனக்கு இன்னொரு படம் வராதும்மா."

"தம்பி போனா இன்னொரு தம்பி வருவானா?"

அடுத்த கிருத்திகைக்கு நான் செய்தி எழுத மலைக்குப் போயிருந்தேன். முடி இறக்கும் இடத்தில் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்ச் செம்போடு நின்ற நாவிதர் தயங்கினார்.

"அம்மா, நீங்க டிராமாவுல வர்றவங்கதான?"

"ஆங்."

"யோசிச்சிக்கோங்க. கத்தி வச்சிட்டா வச்சதுதான்."

"யோசிச்சிட்டுதான் வந்து குந்திக்கினு இருக்கேன். நீ நனைப்பா."

முடி இறக்கி முடிந்ததும் எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுத் திரும்பியபோது என்னைப் பார்த்தார். கையிலிருந்த நோட்டையும் பார்த்தார். "ஐயா, நான் இருக்கிற வரைக்கும் வேணாங்க. அப்பறம் இன்னா வேணா எழுதிக்கோங்க" என்றார். நோட்டை மூடினேன்.

காய்ச்சல் மூன்றாம் வாரம் விட்டது. கொயினா கொடுத்த டாக்டரும் முருகனும் புகழைப் பாதிப்பாதி பிரித்துக்கொள்ளட்டும் என்பார் வேதவல்லி. தம்பி எழுந்து நடமாடினார். பிறகு அரக்கோணத்தில் ரயில்வே வேலையும் கிடைத்தது.

முடி வளரும்வரை அவருக்கு ரேடியோ சோறு போட்டது. தலையில் முந்தானையோடு மைக் முன் நின்று ராணிகளாகப் பேசினார். முடி காதளவு வந்திருந்தபோது படம் மறுபடி தொடங்குகிறது என்று கடிதம் வந்தது. முடி இறக்கியதை ஸ்டூடியோவுக்குச் சொல்லாமல், பழைய நாடகக் கம்பெனியில் வேஷம் போட்டுவிடும் கிஷ்டப்பாவை அழைத்து, முழங்கால் அளவு பொய்முடி டோப்பா வேண்டும் என்றார். அவ்வளவு நீள முடி, மலையில் இறக்கிய முடியை ஏலம் எடுப்பவரிடம்தான் கிடைக்கும் என்றார் கிஷ்டப்பா.

"வாங்கு. ஆனா நான் இறக்குனதுக்கு முன்னால கட்டுன மூட்டையா பாத்து வாங்கு."

"உன் முடியே கெடச்சா இன்னும் பொருத்தமா இருக்குமே தாயி?"

"குடுத்தத திருப்பி வாங்கினு வந்தேன்னு மலைமேல இருக்கறவரு நெனச்சிக்கப் போறாரு."

கிஷ்டப்பா ஏலக்காரரின் கிடங்கில் அரை நாள் உட்கார்ந்து, பழைய மூட்டையாகத் தேடி எடுத்து வந்தார்.

மிஞ்சியிருந்த காட்சிகளில் ஒன்று, கதாநாயகி ஆற்றில் மூழ்கி எழுவது. கிஷ்டப்பா பசையும் கொண்டை ஊசியும் போதாதென்று நெற்றி ஓரம் முழுதும் டோப்பாவை அவருடைய காதளவு முடியோடு சேர்த்துத் தைத்தே விட்டதாகச் சொன்னார். நான் அன்று படப்பிடிப்பைப் பார்க்கப் போயிருந்தேன். மூன்று முறை மூழ்கி எழுந்தார். டோப்பா அசையவில்லை. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த படமுதலாளி எழுந்து வந்து, கூந்தலை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்தப் படத்துல கோட்டை அட்டை, நகை கில்ட்டு, யானையும் பாதி துணி. உங்க முடி ஒண்ணுதாம்மா அசலு" என்றார்.

கிஷ்டப்பா பசை டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். வேதவல்லி கைகூப்பினார்.

முதலாளிக்குத் தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா? தெரிந்துதான் என்று கிஷ்டப்பா கடைசிவரை சாதித்தார். சென்ற ஆண்டு அவரும் போய்விட்டார். நான் வேதவல்லியிடம் இருமுறை கேட்டேன். "அந்தாளுக்குத் தெரிஞ்சிருந்தா எனக்கு நடிக்கத் தெரியலன்னு அர்த்தம். தெரியலன்னா அந்தாளுக்குப் படம் எடுக்கத் தெரியலன்னு அர்த்தம். ரெண்டுல எதுன்னு நான் எதுக்குக் கேக்கணும்? படம் முடிஞ்சிது, தம்பி பொழச்சிக்கினான்" என்றார்.

படம் சுமாராக ஓடியது. பிறகு அவர் கதாநாயகி ஆகவில்லை. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. அவரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டிருப்பது, சொன்னதில் ஒரு கொத்தும் குறைக்காத அந்தப் பிடிவாதமும், குறைக்காமல் கொடுத்த பிறகு எப்படிச் சமாளிப்பது என்று பதற்றமில்லாமல் உட்கார்ந்து யோசித்த அந்த முகமும்.

இதை அச்சில் படிப்பதற்கு முன் முதலாளி என்னிடமிருந்தே அறிய வேண்டும் என்று, நடந்ததை எல்லாம் ஞாயிறன்று அவருக்கு எழுதினேன். நேற்று தந்தி வந்தது. கருமகாரியத்துக்கு வருவதாகவும், நேரில் பேசலாம் என்றும் மட்டும் இருக்கிறது. தெரியும் என்றோ தெரியாது என்றோ இல்லை. கருமகாரியம் வருகிற புதன்கிழமை. அவர் காலை ரயிலில் வருகிறார். நானும் முனிரத்தினமும் திருத்தணி ஸ்டேஷனில் இருப்போம்.