ஈரத்தில் நடந்தவள்

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் முடித்திருந்தாள். கூடப் படித்தவர்கள் கோடை விடுமுறைக்கு ஊர் சுற்றக் கிளம்ப, இவள் மட்டும் பூதக்கண்ணாடியும் நோட்டுமாகப் பீன்ஸ் செடிகளுக்குப் பின்னால் அலைந்தாள். செடிகளின் நோய்களை ஆராயும் துறையில் எட்டு வாரம் வேலை செய்ய இடம் கிடைத்திருந்தது. கட்டடத்துக்குப் பின்னால் நாற்பது பாத்திகள், வரிசைக்குப் பத்தாக நான்கு வரிசை. முதல் பாத்தியில் மட்டும் இலைப்புள்ளி நோய் வந்த செடிகள். நோய் அங்கிருந்து எந்தப் பக்கம் பரவுகிறது என்று தினமும் இலை இலையாகப் புரட்டிப் பார்த்துக் குறிக்க வேண்டும்.

"உன்னை ஆளா எடுத்திருக்காங்களா, வெட்டுக்கிளியாவா?" என்பாள் அக்கா. அவள் மருத்துவமனையில் நர்ஸ்.

நாலாவது வாரத்தில் சின்னவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முதல் வரிசையில் நோய் மேற்கிலிருந்து கிழக்கே பாத்தி பாத்தியாகப் போயிருந்தது. காற்றும் அப்படித்தான் அடித்தது. "காத்துதான் கொண்டு போகுது மேடம்" என்று பேராசிரியையிடம் அடித்துச் சொல்லிவிட்டாள். கோடை முடிவில் துறையினர் முன்னால் அதைப் பற்றி அவள் பேச வேண்டும். நன்றாகச் செய்தால் அடுத்த வருஷமும் இடம் உண்டு என்றிருந்தார் அவர்.

அடுத்த வாரம் இரண்டாம் வரிசையிலும் புள்ளிகள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை கூடத்துத் தரையில் பாத்திகளின் படத்தை விரித்து, தேதிக்கொரு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த அக்கா காலணியைக் கழற்றியபடியே எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, பாம்பா?"

"நோய் போன வழி. காத்து இப்படி..."

"காத்து கோடி வரைக்கும் போயிட்டு, திரும்பியும் நடந்து வருமா?"

சின்னவளின் பென்சில் நின்றது. முதல் பாத்தியை ஒட்டியே இருந்தது, இரண்டாம் வரிசையின் கடைசியான இருபதாம் பாத்தி. ஓரடி தூரம். அதற்குத்தான் கடைசியில் நோய் வந்திருந்தது. ஒரு வரிசையில் போய் அடுத்த வரிசையில் திரும்பி வந்தது காற்றல்ல. தினமும் அப்படி நடந்தவள் அவள்தான்.

"ஒரு செடியைத் தொட்டுட்டு அடுத்ததைத் தொடுறதுக்கு முன்னாடி கை கழுவுவியா?" என்றாள் அக்கா.

"நாற்பது பாத்திக்கு நாற்பது தடவையா?"

"எங்க வார்டுல நாற்பது படுக்கை. நான் கழுவுறேன்."

அக்கா படுக்கப் போனதும் சின்னவள் மறுபடி படத்தின் முன் உட்கார்ந்தாள். முதல் வரிசையை மட்டும் காட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. படத்தில் இரண்டாம் வரிசையை வெட்டி எறியக் கத்தரிக்கோலைக்கூட எடுத்தாள். பிறகு அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். படத்தைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

மறுநாள் சின்னவள் எல்லாவற்றையும் சொல்ல, பேராசிரியை படத்தின் மேல் தேதி தேதியாக விரலை ஓட்டினார்.

"எத்தனை மணிக்குச் செடிகிட்ட போற?"

"ஏழு. வெயில் ஏறுறதுக்குள்ள முடிச்சிடலாம்னு."

"பனி காய்ஞ்சிருக்காதே."

"முழங்கால் வரைக்கும் நனையும் மேடம்."

"ஈர இலையைத் தொட்டா கிருமி கையோட வந்துடும். இதை நான் மொதல்லயே கேட்டிருக்கணும்."

திட்டு விழும் என்றுதான் வந்திருந்தாள். சட்டென்று தோன்றியதைச் சொன்னாள்: "மூணாவது, நாலாவது வரிசையில இன்னும் புள்ளியே இல்ல. மூணாவதுக்கு ஏழு மணிக்கே போறேன். நாலாவதுக்கு இலை காய்ஞ்சதும், பதினொரு மணிக்கு. ரெண்டுக்கும் முன்னாடி முதல் பாத்தியைத் தொட்டுட்டுப் போறேன்."

"பதினொரு மணி வெயில் மண்டையைப் பிளக்கும்."

"பரவாயில்ல மேடம்."

மிச்சமிருந்த மூன்று வாரமும் அப்படியே போனது. முகம் கறுத்தது, மூக்கு உரிந்தது. ஏழு மணி வரிசையில் ஒன்பது பாத்திகளுக்கு நோய் வந்தது. பதினொரு மணி வரிசையில் ஒன்றுக்கு மட்டும்.

பேச்சு நாளன்று பாம்புப் படத்தையும் சேர்த்தே திரையில் காட்டினாள். பின்வரிசையிலிருந்த ஒருவர் கேட்டார்: "நோயைச் சுமந்துட்டுப் போனது எந்தப் பூச்சிம்மா?"

"நான்தான் சார்."

அறை சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானது. எல்லோரும் போன பிறகு பேராசிரியை அவளருகே வந்தார்.

"அடுத்த வருஷம் எத்தனை மணிக்கு வருவ?"

"பதினொண்ணு மேடம்."