மாந்தோப்பில் ஒரு நீல முட்டை

ஈஸ்டர் ஞாயிறு முடிந்த மறுநாள் எங்கள் சபையார் எல்லாரும் 'எம்மாவு' போவோம். உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊருக்குப் போகிற வழியில் இரண்டு பேரோடு கூட நடந்தாரே, அதை நினைத்து. அவர்கள் நடந்தார்கள். நாங்கள் இரண்டு வேன் பிடித்து, பிரியாணி அண்டாவையும் ஏற்றிக்கொண்டு, சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஏதாவது ஒரு மாந்தோப்புக்குப் போவோம். அங்கே முட்டைகளை அவித்துச் சாயம் போட்டு ஒளித்து வைத்துவிட்டு, கையில் கூடை கொடுத்துப் பிள்ளைகளை அவிழ்த்துவிடுவோம்.

அந்த வருடம் ஒளித்து வைக்கிற வேலையைப் போதகர் எனக்குக் கொடுத்தார். காரணத்தை ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"இவருகிட்ட குடுத்தா ரகசியம் வெளிய போவாது. வருசத்துக்கே பத்து வார்த்தைதான பேசறாரு!"

சபை சிரித்தது. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்ன நாளோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நாலு பேர் நடுவில் வாய் திறந்ததில்லை.

எனக்கு ஒரே மகள், ஏழு வயது. கூச்சத்தில் என்னைப் போல, நடையிலும் என்னைப் போல மெதுவு. அதற்கு முந்தைய வருடம் அவள் எந்த முட்டையைப் பார்த்து நடந்தாலும், அவள் போய்ச் சேருவதற்குள் வேறு யாராவது எடுத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது வேனில் வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முகம் தெரியாமல் உட்கார்ந்து வந்தாள். அந்த ஒரு பயணத்துக்காகத்தான் நான் இந்த வேலைக்குத் தலையாட்டினேன்.

மஞ்சள் தூளில் மஞ்சள் முட்டை, வெங்காயத் தோலில் சிவப்பு முட்டை, சங்குப்பூவை ஊறவைத்த தண்ணீரில் ஒரே ஒரு நீல முட்டை, எல்லாம் என் மனைவி செய்தது. நீல முட்டையைக் கண்டுபிடிக்கிற பிள்ளை திரும்பும்போது வேனில் டிரைவர் பக்கத்தில் உட்காரலாம், வழியில் வருகிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தடவை ஹாரன் அடிக்கலாம். அது சபை வழக்கம்.

இடத்தை மகளிடம் சொல்வது திருட்டு. சொல்லவில்லை. ஆனால் நீல முட்டையை மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மரத்தில், முழங்கால் உயரப் பொந்தில் வைத்தேன். ஓடுகிற பிள்ளைக்கு அது தெரியாது. தலையைக் குனிந்து மெதுவாக நடக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

எம்மாவு நாளன்று நான் விடிந்ததும் மொபெட்டில் போய், மரத்தடிக்கு ஒன்றாக வைத்து முடித்து, தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டிருந்தேன். தோப்புக்காரர் திருப்பதியில் இருக்கிறார். போதகர் அவரிடம் போனில் அனுமதி வாங்கியிருந்தார். தோப்புக்காரர் சொல்ல மறந்தது ஒன்று. காய்ப்பைக் குத்தகைக்கு விட்டிருந்தார். குத்தகைக்காரரும் அவர் மனைவியும் முந்தின வாரமே வந்து, தோப்பின் மறுகோடியில் குடிசை போட்டிருந்தார்கள்.

"ஐயோ, இங்க வந்து பாருய்யா! மரத்துக்கு மரம் வச்சிருக்கான்யா!" என்று ஒரு அலறல்.

போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் ஒரு மரத்தடியைப் பார்த்து நீட்டிய விரலோடு நின்றிருந்தாள். குத்தகைக்காரர் காய் பறிக்கிற தொரட்டிக் கோலைக் கையில் பிடித்திருந்தார். மரத்தடியில் மஞ்சள் பூசின முட்டை. அடுத்த மரத்தடியில் சிவப்பு முட்டை. அவர்கள் கண்ணால் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. சூனியக்காரன் முச்சந்தியில் வைக்கிற மாதிரி அல்லவா வைத்திருக்கிறேன்!

"போன வருசம் ஏலத்துல தோத்தானே, அவன் வேலதான் இது. செய்வின வச்சிட்டான். பிஞ்செல்லாம் கொட்டிப்பூடும். காளஸ்திக்குப் போய்தான் கழிக்கணும்" என்றார் அவர்.

"மொதல்ல கேட்ட சாத்துய்யா. ஒருத்தனும் உள்ள வரக்கூடாது."

கேட்டைச் சாத்தினால் பிள்ளைகள் வெளியே நிற்கும். என் மகள் மறுபடியும் வெறுங்கூடையோடு போவாள். வேன் வர இன்னும் அரை மணிகூட இல்லை. போதகருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. வேனில் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள், பீரங்கி வெடித்தாலும் கேட்காது. வேறு வழியில்லாமல் தொண்டையைச் செருமினேன். நிறைய சொல்லத்தான் நினைத்தேன். வந்தது இவ்வளவுதான்:

"முட்ட... நான்தான் வச்சேன்."

"நீதானாடா!" தொரட்டி மேலே போனது.

"துன்றதுக்கு!" என்று கத்தினேன். "பசங்க துன்றதுக்கு! சர்ச்சு பசங்க!"

"துன்றதுக்கா? மரத்தடியில வச்சா? அப்ப நீ துன்னு பாக்கலாம்."

மஞ்சள் முட்டையை உரித்துத் தின்றேன்.

"அது மஞ்சா. செவப்பத் துன்னு."

சிவப்பையும் தின்றேன். அவர் கோலைக் கொஞ்சம் தாழ்த்தினார். அந்த அம்மாள் விடவில்லை.

"எதுல வெசம் இல்லன்னு வச்சவனுக்குத் தெரியாதா? நான் காட்டறத துன்னட்டும்."

அவள் ஒரு குச்சியை எடுத்து நீட்டிக்கொண்டே முன்னால் போக, நான் பின்னால் போனேன். கிணற்று மேட்டில் ஒன்று. வேலி ஓரம் ஒன்று. எருக்குப்பைப் பக்கம் ஒன்று. உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. நாற்பது நாள் உபவாச காலத்தில் முட்டையைத் தொடாதவன், ஒரு காலையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். ஆறாவது முட்டை நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அவர்தான் பாவம் பார்த்து முதுகில் தட்டினார்.

"வுட்டுரும்மே. ஆளு செத்துகித்து பூடப்போறான்."

"இருய்யா, இங்க வா! நீலம்!"

மோட்டார் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது. அந்தப் பக்கம் ஓடினேன்.

"எந்த ஊரு கோழிய்யா நீல முட்ட போடுது? இதான் தாய் முட்ட. மத்ததெல்லாம் சும்மா கண்ணுக்கு. இதத் துன்னா நம்பறேன்."

"அது வேணாம்மா. அது என் பொண்ணுது."

"பாத்தியாய்யா, துன்ன மாட்டேங்கறான்!"

ரோட்டில் வேன் ஹாரன் கேட்டது. இருபது பிள்ளைகள். தொரட்டியோடு குத்தகைக்காரர் கேட்டுக்குக் குறுக்கே போய் நின்றார். நீல முட்டையை எடுத்து, முடிந்த மட்டும் மெதுவாக உரித்தேன். ஓட்டைக் கீழே போட மனம் வரவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தின்றேன்.

அந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் விழவில்லை.

"செரி, வரச் சொல்லு" என்றாள்.

பிள்ளைகள் பாய்ந்தார்கள். என் ரகசியம் காப்பாற்றப்படவில்லை. எல்லா இடமும் அந்த அம்மாளுக்குத் தெரியுமே! "டேய், அங்க இன்னாடா தேடற, வேலியாண்ட பாரு!" என்று அவளே கத்திக் காட்டிக்கொடுத்தாள். கால் மணியில் ஏறக்குறைய எல்லாம் முடிந்தது. என் மகள் மட்டும் குனிந்த தலையோடு மரம் மரமாகப் போய்க்கொண்டே இருந்தாள். இரண்டு மஞ்சளும் ஒரு சிவப்பும் அவள் காலடியிலேயே இருந்தன. அவற்றைத் தாண்டிப் போனாள். அவளுக்கு நீலம்தான் வேண்டும்.

கடைசியில் வெறுங்கூடையோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"நைனா, நெசமா நீலம் வச்சியா?"

நான் தொண்டையைச் செருமினேன். அந்த அம்மாள் முந்திக்கொண்டாள்.

"வச்சாரு பாப்பா. அப்புறம் அவரே துன்னுட்டாரு."

போதகர் திரும்பிப் பார்த்தார். "இன்னா?" என்றாள் என் மனைவி. மகளுக்கு உதடு பிதுங்கியது. கூடையைத் தலையில் கவிழ்க்கத் தூக்கினாள். தூக்கும்போது என் சட்டைப் பை அவள் கண்ணில் பட்டது. விளிம்பில் ஒரு துண்டு நீலம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை விட்டு ஓட்டை முழுவதும் அள்ளிக் கூடையில் போட்டாள். பிறகு, அதுவரை நான் அவளிடம் கேட்டிராத குரலில் கத்தினாள்.

"நான்தான் கண்டுபிடிச்சேன்! நைனா பையில ஒளிச்சி வச்சிருந்தாரு!"

"ஓடுதான இருக்குது, முட்ட இல்லியே" என்று பெரிய பையன் ஒருவன் சண்டைக்கு வந்தான்.

"முட்ட எங்க பூடும்? அதுவும் இவங்க நைனாகிட்டதான் இருக்குது" என்றாள் அந்த அம்மாள். "பாப்பாதான் ஜெயிச்சா. நான் சாட்சி."

போதகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொண்டோம். பிரியாணி வந்தது. குத்தகைக்காரரும் அவர் மனைவியும் எங்களோடு பந்தியில் உட்கார்ந்தார்கள். என் இலையில் பிரியாணியோடு ஒரு அவித்த முட்டையையும் வைத்தார்கள். அதைப் பக்கத்து இலைக்குத் தள்ளினேன்.

சாயங்காலம் வேனுக்குப் பின்னால் மொபெட்டில் வந்தேன். ஒவ்வொரு ஊர் வரும்போதும் முன்னால் ஹாரன் ஒரு தடவை அடித்தது. பின்னால் நான் ஒரு ஏப்பம் விட்டேன். சித்தூர் வந்து சேரும்வரை இரண்டு பேரும் ஒரு ஊரைக்கூட விடவில்லை.