ஆல்பர்ட்டுக்காகத் தூக்கிய கால்

மருத்துவமனை வராந்தாவில் ஆல்பர்ட் பேசியது, திரைக்கு இந்தப் பக்கம் படுத்திருந்த எனக்கு நன்றாகவே கேட்டது.

"பாவம்லா. கால் போன டிரம்மர வச்சிக்கிட்டு என்னா பண்றது? வேற ஆள பாப்போம்."

ஆல்பர்ட் எங்கள் ஜாஸ் குழுவின் தலைவன், சாக்ஸபோன் வாசிப்பவன். நேரில் 'அண்ணே' என்பேன். எழுத்தில் அந்த மரியாதை தேவையில்லை. பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் நான் ஸ்டோர் கிளார்க். சனிக்கிழமைகளில் ஜார்ஜ்டவுன் ஹோட்டல் ஒன்றில் அவனுக்கு டிரம்ஸ் வாசித்தேன். ஒரு சனிக்கிழமை வாசித்துக்கொண்டிருக்கும்போதே வலது கால் பெரிய டிரம்மின் மிதியிலிருந்து நழுவியது. காலில் போட்டிருந்த சப்பாத்து வழுக்குகிறது என்று நினைத்தேன். ஜெலுத்தோங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாய் கோணிவிட்டது. பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டு, உடம்பின் ஒரு பாதி சொன்ன பேச்சைக் கேட்காமல் போவது).

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். எனக்கு அமைதி ஒரு மண்ணுக்கும் உதவவில்லை. ஆல்பர்ட் மூஞ்சியில் கரி பூச வேண்டும் என்ற நினைப்பில்தான் தினமும் கண் விழித்தேன்.

டாக்டரம்மாவிடம் அதையே சொன்னேன். "கோபப்பட்டா பிரஷர் ஏறும் அங்கிள்" என்றார். "கோபம் போச்சுன்னா நான் எந்திரிக்கவே மாட்டேன் டாக்டர்" என்றேன். அவர் மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

கை சீக்கிரம் திரும்பியது. கால்தான் அடம்பிடித்தது. பாதத் தொய்வு (முன்பாதத்தைத் தூக்க முடியாமல் அது தொங்கிவிடுவது) என்றார்கள். மிதிக்க முடிந்தது, தூக்க முடியவில்லை. டிரம்ஸ் அத்தோடு முடிந்தது.

மூடிப்போன ஒரு மதுவிடுதி லவுஞ்சில் வைப்ரஃபோன் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. அலுமினியப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் கருவி. மிதியை அழுத்தினால் ஒலி நீளும், காலைத் தூக்கினால் நிற்கும். கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். வீட்டு ஹாலில் பாதியை அது அடைத்துக்கொண்டது. என் மனைவி புஷ்பா, அழுதுகொண்டு கிடப்பதற்கு இது தேவலை என்று தன் அக்காவிடம் சொன்னாளாம்.

பினாங்கில் அதைச் சொல்லித்தர ஆளில்லை. இன்டர்நெட் அப்போதுதான் வீடுகளுக்கு வந்திருந்தது. மகளின் கம்ப்யூட்டரில், வைப்ரஃபோன் வாசிப்பவர்களின் மின்னஞ்சல் குழு ஒன்றில் சேர்ந்தேன். யாராவது போனை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். வீட்டில் அதற்கென்றே சண்டை நடந்தது. முகம் தெரியாதவர்கள் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக் கற்றுத்தந்தார்கள். வாசித்ததை கேசட்டில் பதிந்து, நார்வேயில் இருந்த ஒரு பல் மருத்துவருக்குத் தபாலில் அனுப்பினேன். அந்த அம்மா குழுவில் எல்லோரும் படிக்கும்படி பதில் போட்டார்: 'நீங்கள் டிரம்மர்தானே? தாளத்துக்குத் தாளம் மிதியை உதைக்கிறீர்கள். உதைக்காதீர்கள். இதில் வேலையே காலைத் தூக்குவதுதான்.'

வெட்கமாக இருந்தது. ஆனால் மருத்துவமனையில் பயிற்சி தருபவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இடது காலைப் பயன்படுத்தலாமே என்று குழுவில் சிலர் எழுதினார்கள். மாட்டேன் என்றேன். ஆல்பர்ட் போய்விட்டது என்று சொன்னது வலது காலை. ஒவ்வொரு ஒலியையும் நிறுத்தும்போது அவன் பெயரைச் சொல்லித் தூக்கினேன். பல மாதம் எல்லா ஒலியும் கலந்து கூழாகவே வந்தது. பிறகு ஒரு மாலை, ஒலி நான் நினைத்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, சுத்தமாக நின்றது. புஷ்பா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

தொழிற்சாலையின் வருடாந்திர விருந்துக்கு ஆல்பர்ட் குழுதான் வாசிக்க வந்தது. ஸ்டோர் பையன்கள் என் வைப்ரஃபோனை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மேனேஜர் கேட்டதால் ஆல்பர்ட்டால் மறுக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே, பழைய நாளில்கூட நாங்கள் வாசிக்காத வேகத்தில் 'ஒன், டூ' என்று எண்ணிப் பாட்டைத் தொடங்கினான். என் காலை எல்லோருக்கும் காட்டத்தான்.

நான் தொடங்கவில்லை. கோல்களைப் பிடித்தபடி நின்றேன். டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன. பிறகு இரண்டு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே ஒரு தட்டுத் தட்டி நீள விட்டேன். கால் மெதுவாக எழுந்தது. ஒலி நின்றது. அடுத்ததற்கும் அதே நேரம் எடுத்துக்கொண்டேன். பேஸ்காரர் என் காலைப் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார். டிரம்மரும் குறைத்தான். ஆல்பர்ட் மட்டும் பழைய வேகத்தில் நுழைந்து, தடுமாறி, சாக்ஸபோனை வாயிலிருந்து எடுத்துவிட்டான். மறுபடி நுழைய என் பாதத்தையே பார்த்துக் காத்திருந்தான். நான் அவனைக் காக்க வைத்தேன்.

மேடையிலிருந்து இறங்கும்போது அருகில் வந்து, "சனிக்கிழம வாயேன் தம்பி" என்றான்.

"யோசிச்சி சொல்றேண்ணே."

நான் தூக்கச் சொல்வதற்கும் கால் எழுவதற்கும் நடுவில் இப்போதும் ஓர் இடைவெளி இருக்கிறது. முன்பு அது என்னைக் கொன்றது. இப்போது அதில் சாவகாசமாக நிற்கிறேன். ஆல்பர்ட் இரண்டு முறை போன் செய்துவிட்டான். இன்னும் யோசித்துக்கொண்டிருப்பதாகப் புஷ்பாவைச் சொல்லச் சொன்னேன்.