கழுத்துக்கு உண்டு, பல்லுக்கு இல்லை

கல்லூரிப் பட்டிமன்றங்களில் எதிரணியின் வாதங்களைத் தகர்த்துப் பழகியவள் நான். ஆனால் என்னைத் தோற்கடித்தது ஒரு மருத்துவமனை மேசை.

ஓசூர்த் தொழிற்சாலையொன்றில் வேலை செய்யும் என் அக்காவுக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. கம்பெனி தந்த மருத்துவக் காப்பீட்டில் பல் சிகிச்சை சேராது என்பதை அவள் அறிவாள்.

“ஆஸ்பத்திரியில படுத்தாத்தான்டி கார்டு செல்லும். பல்லுக்கு எவன் படுக்க வைப்பான்?” என்று சிரித்தாள். போனஸ் வந்ததும் பார்க்கலாம் என்று, கிராம்பை அடக்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போனாள்.

போனஸுக்கு முன்பே தாடை வீங்கியது. ஒரு காலையில் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை, மூச்சுக்கே திணறினாள். பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கிவிட்டதென்று மருத்துவர்கள் உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். உயிர் பிழைத்தாள்.

செலவைக் காப்பீடே ஏற்றது. காப்பீட்டு மேசையிலிருந்த பெண்ணிடம், “பல்லுக்குக் கிடையாது என்கிறார்களே?” என்றேன்.

“பல்லுக்குக் கிடையாதுதாங்க. நாற்காலியில உட்கார வெச்சுப் பார்த்துட்டு அனுப்பிடுவாங்க, அதனால பாலிசியில சேர்க்காம தனியா வெச்சிருக்காங்க. இது கழுத்து, அட்மிஷன். இதுக்கு உண்டு.”

விதிப்படி அவர் சொன்னது சரி. பல்லும் உடம்பின் உறுப்பே என்று நான் எந்த மேடையிலும் வாதிடுவேன். வீட்டில் மட்டும் வாதிடுவதில்லை. யார் கன்னத்தைப் பிடித்தாலும் அன்றே பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்.

சென்ற வாரம் எனக்கே பல் கூசியது. பேச்சுப்போட்டி முடியட்டும் என்றேன்.

“செருப்பைப் போடுடி,” என்றாள் அக்கா, கழுத்துத் தழும்பைத் துப்பட்டாவால் மூடியபடி.