கோடுகள் நெருங்கும் இடம்

மகளோடு மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்த புதிதில் கடைக்கு வழி கேட்டேன். "கீழ போங்கக்கா," என்றாள் பக்கத்து வீட்டு சரஸ். நான் கிழக்கே நடந்தேன். வேதாரண்யத்துக்காரிக்குக் கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு, மேலத்தெரு என்றால் மேற்குத் தெரு. தேயிலைச் சரிவின் விளிம்பில் திகைத்து நின்றபோது சரஸ் சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். "கீழன்னா இறங்கணும்லா!"

எங்கள் ஊரில் கோபுரத்தை விட்டால் உயரம் என்று சொல்ல உப்பளத்தில் குவித்த உப்புதான் உண்டு. இங்கே ஜன்னலைத் திறந்தாலே மலைமுகடு. கியா பார்ம் சந்தையில் காய்கறி விற்கும் சரஸ் இந்த எஸ்டேட்டிலேயே பிறந்தவள். அவளும் அங்கே ஏறியதில்லை. போயே தீருவது என்று முடிவெடுத்தோம். காட்டில் போனுக்கு லைன் கிடைக்காது. அதனால் நல்ல வரைபடச் செயலியாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம்.

மூன்றை இறக்கிப் பார்த்தேன். முதலாவதில் வானத்திலிருந்து எடுத்த படம். அழகுதான், ஆனால் காடு முழுக்க ஒரே பச்சை. இரண்டாவதில் நடந்தவர்கள் போட்ட பாதைகள் இருந்தன, மலையின் ஏற்ற இறக்கம் சரியாகத் தெரியவில்லை. மூன்றாவதில் மெல்லிய கோடுகள், நீல ஓடைகள். ஒரு கோட்டின் மேல் எங்கே நின்றாலும் ஒரே உயரமாம். கோடுகள் நெருங்கினால் செங்குத்து.

"நம்ம லயத்தத் தேடுங்கக்கா. நம்ம வீட்டையே ஒழுங்கா காட்டாதது மலையவா காட்டப்போவுது?" என்றாள் சரஸ்.

தேடினேன். எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து தேயிலை ஆலைக்கு ஏறும் படிக்கட்டில், தினமும் என் முழங்கால் கெஞ்சும் அதே இடத்தில், கோடுகள் நெருங்கிக் கிடந்தன. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் மூச்சிரைப்பை யாரோ வரைந்து வைத்திருந்தார்கள்! அதையே போனில் சேமித்துக்கொண்டோம்.

பெர்மிட் எடுத்து ஒரு ஞாயிறு காலை ஏறினோம். பாசி மூடிய மரங்களுக்கு நடுவே நடந்து முகட்டைத் தொட்டபோது மேகம் இறங்கியது. அடுத்த மரம்கூடத் தெரியவில்லை. பாதை இரண்டாகப் பிரிந்தது.

"இந்தப் பக்கம் வழி காட்ட ரிப்பன் கட்டியிருக்கு, வாங்கக்கா," என்று சரஸ் முன்னே நடந்தாள்.

போனைப் பார்த்தேன். அந்தப் பக்கம் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்திருந்தன.

"நில்லு சரஸ்!"

"பாதை நல்லாத்தானே இருக்கு?"

"இருக்கட்டும். மேகம் விலகட்டும், உட்காரு."

முகம் சுளித்தாலும் உட்கார்ந்தாள். கொண்டுபோன சப்பாத்தியைத் தின்று முடிப்பதற்குள் காற்று மேகத்தைக் கிழித்தது. எங்களுக்குச் சற்று முன்னால் தரையே இல்லை. அதலபாதாளம். அதற்கப்பால் மலைக்குப் பின் மலை, நீலம் வெளுத்து வெளுத்து வானமாகும் வரை மலை. கும்பிடத் தோன்றியது. சரஸ் என் கையை இறுகப் பற்றினாள்.

"இத்தன வருசமா இதுக்கு முன்னாலதான் குடியிருந்தேனாக்கா?"

பிறகு மழை பிடித்தது. வரைபடத்தில் நாங்கள் நின்ற முகட்டின் இருபுறமும் ஓடைகள் நூலாகத் தொடங்கின. மேற்கே போகிறவை பேராக் மாநிலம் வழியாக மலாக்கா நீரிணைக்குப் போய், அங்கிருந்து வங்கக் கடலைத் தொடும். கிழக்கே போகிறவை பஹாங் மாநிலத்தைச் சுற்றித் தென்சீனக் கடலுக்கு.

வடக்கே பார்த்து நின்றேன். இடத்தோளில் விழுந்த மழை அம்மா இருக்கும் வேதாரண்யக் கரைப்பக்கம் இறங்கியது. வலத்தோளில் விழுந்தது, இப்போது நாங்கள் குடியிருக்கும், என் மகள் பள்ளிக்கூடம் போகும் ஊர்ப்பக்கம்.